துப்பறியும் கதைக்காக ஒரு வழக்குரை

நம் நகரிலுள்ள தமிழ் நூலகம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தூய்மைப் பணி நடைபெற்றது. இடம் போதவில்லை, அலமாரிகள் நிரம்பி வழிந்தன. எனவே வேண்டாத நூல்களைக் கழித்துவிடுவதென்று குழு கூடி முடிவு செய்தது. அம்முடிவில் தவறில்லை. எவை வேண்டாதவை என்ற வினா எழுந்தபோதுதான் தவறு நிகழ்ந்தது. செல்லரித்த ஆண்டறிக்கைகளை எவரும் தொடவில்லை. ஒருவரும் ஒருநாளும் இரவல் பெற்றறியாத வாழ்த்துப்பா மாலைகளையும் எவரும் தொடவில்லை. "துப்பறியும் கதைகளை எல்லாம் முதலில் எடுங்கள்" என்றார் ஒரு பெரியவர். மூன்று கோணிப்பைகள் நிறைந்தன. பழைய தாள் கடைக்குச் சென்றன. அக்குழுவில் நாமும் இருந்தோம். வாய் திறந்தோமில்லை. அந்த மௌனத்திற்குக் கழுவாயாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அப்பெரியவர் தமிழறிந்தவர், நம் மதிப்பிற்குரியவர். துப்பறியும் கதை குற்றத்தைக் கற்பிக்கிறது என்றார். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றார். முடிவு தெரிந்தபின் மறுமுறை படிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். மேல்நாட்டிலிருந்து வந்த சரக்கு, நம் மரபுக்கு ஒவ்வாதது என்றும் முடித்தார். அவர் கூற்றில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். குருதி வழியும் அட்டைப்படம், பாதி ஆடையில் அலறும் பெண், ஒரே இரவில் எழுதி மறுநாள் அச்சேறிய தொண்ணூறு பக்கம் ஆகியவற்றைப் பாதுகாக்க நாம் வழக்காட வரவில்லை. நாம் பேச வந்தது வேறொன்றைப் பற்றி. சிறுகதை அளவில் அமைந்து, காவல்துறையின் சம்பளமோ சீருடையோ இல்லாத ஒருவர் தம் கண்ணையும் அறிவையும் மட்டுமே துணைக்கொண்டு ஒரு முடிச்சை அவிழ்க்கும் கதையைப் பற்றி. அதையும் சேர்த்தன்றோ அந்தக் கோணிப்பையில் கட்டினோம்!

'மேல்நாட்டுச் சரக்கு' என்னும் குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். அலகேச ராசன் கதையில் வரும் ஒட்டகத்தை நம்மில் பலர் பாட்டியின் மடியிலேயே அறிந்திருப்போம். நான்கு இளைஞர் வழிநடந்து செல்கின்றனர். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் எதிர்ப்படுகிறான். "உன் ஒட்டகம் ஒரு கால் நொண்டியோ?" என்று ஒருவன் வினவுகிறான். "வலக்கண் குருடோ?" என்கிறான் இரண்டாமவன். "வால் குட்டையோ?" என்கிறான் மூன்றாமவன். "வயிற்றுநோய் உண்டோ?" என்கிறான் நான்காமவன். அனைத்தும் சரியே. "அப்படியாயின் அதைக் கண்டீர்களா?" என்று வணிகன் ஆவலோடு கேட்க, "நாங்கள் காணவேயில்லை" என்கிறார்கள். அவன் அவர்களைத் திருடர் என்று அரசன்முன் இழுத்துச் செல்கிறான்.

அவையில் அவர்கள் தரும் விளக்கத்தைப் பாருங்கள். மூன்று அடிகளின் சுவடே ஆழமாகப் பதிந்திருந்தது. ஆகவே ஒரு கால் நொண்டி. பாதையின் இடப்புறத்து மரங்களில் மட்டுமே தழை கடிக்கப்பட்டிருந்தது. ஆகவே வலக்கண் இல்லை. வழியில் குருதித் துளிகள் சிந்தியிருந்தன. கடிக்கும் ஈயை ஓட்ட வால் எட்டவில்லை. முன்னங்காற் சுவடு அழுந்தியும் பின்னங்காற் சுவடு மண்ணில் பட்டும் படாமலும் இருந்தது. வயிற்று வலியால் உடலைச் சுருக்கி நடந்திருக்கிறது. இவ்வளவுதான். மந்திரமில்லை, கனவில் தெய்வம் வந்து உரைக்கவில்லை, அடித்து உதைத்து வாக்குமூலம் பெறவில்லை. எல்லோரும் நடந்த பாதைதான். எல்லோர் கண்முன்னும் கிடந்த தடயங்கள்தாம். நால்வரும் அவ்வூருக்குப் புதியவர்கள் என்பதையும் மறக்கவேண்டா. அவர்கள்மேல் ஐயத்தை வரவழைத்ததும் அறிவுதான், அதைத் துடைத்ததும் அறிவுதான்.

இக்கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1889-இல் வெளிவரச் செய்தவர் பண்டித நடேச சாஸ்திரியார். தென்னாட்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அதே கைதான் 1894-இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணன் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் நூலையும் எழுதிற்று. டிக் டோனவன் என்ற ஆங்கிலத் துப்பறிவாளனே தானவனாகத் தமிழ் வேடம் புனைந்தான் என்பர். இருக்கட்டும். தமிழில் முதன்முதல் துப்பறியும் நூல் செய்தவர் ஆங்கிலம் படித்து மயங்கிய கத்துக்குட்டி அல்லர். நம் பாட்டிமார் கதையைத் தேடித் தேடித் தொகுத்தவர். அவர் உள்ளத்தில் ஒட்டகத்துக்கும் தானவனுக்கும் இடையே பகை இருக்கவில்லை.

இதே ஒட்டகம் பாரசீகம் வழியாக இத்தாலிக்கும் நடந்திருக்கிறது. 1557-இல் வெனிசு நகரில் அச்சான நூலொன்றில் செரந்திப் நாட்டு, அதாவது இலங்கை நாட்டு, இளவரசர் மூவர் இதே வகையில் ஒட்டகத்தை விவரிக்கின்றனர். 1747-இல் வால்டேர் தம் சாதிக் கதையில் ஒட்டகத்தை நாயாகவும் குதிரையாகவும் மாற்றிக்கொண்டார். 1841-இல் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ, பாரிசு நகரத்து ஏழைப் பிரபு ஒருவனைத் துப்பறிவாளனாக்கினார். கதை இங்கிருந்துதான் அங்குச் சென்றது என்று மார்தட்ட நாம் வரவில்லை. அவ்வகை மார்தட்டல் நம் மலர்களில் ஏற்கெனவே போதிய அளவு உண்டு. இது நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பழகிய கதைதான், வாசலில் நிறுத்திவைத்து முகவரி கேட்கவேண்டியதில்லை என்பதே நாம் சொல்வது.

'ஒரே அச்சு' என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். வெண்பாவின் ஈற்றடி நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றில்தான் முடியவேண்டும். எந்தப் புலவனேனும் இதைக் குறையென்று சொன்னதுண்டா? கட்டு இறுக இறுகக் கவிதை சிறக்கும் என்றல்லவா மேடைதோறும் பேசுகிறோம்? துப்பறியும் சிறுகதைக்கும் யாப்பு உண்டு. 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அதற்குப் பத்துக் கட்டளைகளே வகுத்தார். துப்பறிவாளனுக்குக் கிடைத்த தடயம் வாசகனுக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. கதை சொல்லும் நண்பனின் அறிவு சராசரி வாசகனின் அறிவைவிடச் சற்றே, மிகச் சற்றே, குறைந்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று! வாசகனை ஏமாற்றலாம், வஞ்சிக்கக் கூடாது. இத்தகைய நேர்மையை நாம் வேறு எத்தனை இலக்கிய வகைகளிடம் எதிர்பார்க்கிறோம்?

தொல்காப்பியர் யாப்பின் வழியவை என எழுவகை கூறும்போது பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் வைத்தார். பிசியாவது விடுகதை. விடுகதையைப் புலவர் அவையிலிருந்து கழிக்க அவருக்கு மனம் வரவில்லை. வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற ஒரே பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் இன்பத்துப்பாலில் ஓர் அதிகாரமும் வைத்தார். முகத்தைக் கண்டு அகத்தை அறியும் கலை அமைச்சனுக்கும் வேண்டும், காதலனுக்கும் வேண்டும் என்பது அவர் கருத்து. சங்கப் பாடலில் உள்ளுறையை நாடிப் பொருள் கொள்ளும் பயிற்சியும் இதுவே. சொன்னதைக் கொண்டு சொல்லாததை அறிவது. கானன் டாயில் 1892-இல் எழுதிய பந்தயக் குதிரைக் கதையொன்றில் தடயம் என்ன தெரியுமா? இரவில் நாய் குரைக்கவில்லை என்பது. நிகழாத ஒன்று சான்றாகிறது. வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன் என்று அறிய நுண்ணோக்காடி வேண்டியதில்லை. நிதானமாகப் படித்தால் போதும்.

இனி, சிலம்புக்கு வருவோம். ஈண்டுச் சற்றுத் தங்கிச் செல்ல அன்பர்கள் இசைய வேண்டுகிறோம்.

கோவலனும் கண்ணகியும் புகாரிலிருந்து மதுரைக்குப் பிழைக்க வந்தவர்கள். ஊருக்குப் புதியவர்கள். ஆயர்பாடியில் மாதரியின் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள். அரசியின் சிலம்பு காணாமற்போன நகரில், கையில் ஒற்றைச் சிலம்போடு ஒரு வெளியூரான் வருகிறான். பொற்கொல்லன் சொல்கிறான், அரசன் நம்புகிறான். அரசனுக்கு அப்போது ஆராய நேரமில்லை. ஊடிய தேவியைத் தேடி அந்தப்புரம் விரைந்துகொண்டிருந்தான். கொல்ல வந்த காவலருள்ளும் இவன் முகத்தைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கியவர் உண்டு. பொற்கொல்லன் அவர்களை நகைத்து, களவு நூல் கூறும் எட்டு உபாயங்களையும் விரித்துரைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று அடுக்குகிறான். நூலறிவுக்கு அவனிடம் குறையே இல்லை! ஒருவரும் அந்தச் சிலம்பைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்க்கவில்லை. கல்லாக் காவலன் ஒருவனின் வாள் பேசிவிடுகிறது.

பின்னர் வந்த ஒருத்தி செய்ததென்ன? அழுது அரற்றியதோடு நின்றாளில்லை. தன் சிலம்பின் உள்ளிருப்பது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து என்பதை அரசன் வாயாலேயே வரவழைத்தாள். உடைத்தாள். மாணிக்கம் தெறித்தது. ஒரு வினா, ஒரு விடை, ஒரு சான்று, வழக்கு முடிந்தது. துப்பறியும் சிறுகதையின் இலக்கணம் முழுவதும் அந்த அவைக்களத்தில் இருக்கிறது. அதை நிகழ்த்தியவளுக்குப் பதவியில்லை, படையில்லை, அவ்வூரில் உறவும் இல்லை. கற்பின் வலிமை என்று நாம் ஆயிரம் மேடைகளில் முழங்கியிருக்கிறோம். தடயத்தின் வலிமை என்று ஒரு மேடையிலேனும் சொல்லியிருக்கிறோமா? மதுரை எரிந்தது பின்னர். அரசன் வீழ்ந்தது சிலம்பு உடைந்தபோதே.

பிழைப்புத் தேடி வேற்றூரில் வாழ்பவர்களுக்கு இது வெறுங்கதை அன்று. வாடகை வீட்டு வளாகத்தில் ஒரு சங்கிலி காணாமற்போனால் முதலில் யார்மேல் கண் விழும் என்பது நமக்குத் தெரியும். நேற்று வந்தவன்மேல்; வேறு மொழி பேசுபவன்மேல். 1991-ஆம் ஆண்டு திசம்பரில் காவிரியை முன்னிட்டு இந்நகரில் நிகழ்ந்தவற்றைக் கண்டவர்கள், ஒரு கூட்டம் ஆராயாமல் நம்பத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதை அறிவார்கள். அந்நாள்களில் கன்னட அண்டை வீட்டார் பலர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டுக்குள் வைத்துக் காத்தார்கள் என்பதையும் உடன் சொல்லாவிடின் நாமும் சான்றை மறைத்தவர்களாவோம். கூட்டம் சொன்னதை விட்டுத் தாம் அறிந்த மனிதரைப் பார்த்தவர்கள் அவர்கள்.

சம்பளமில்லாத துப்பறிவாளன் நம் மனத்தைக் கவர்வதும் இதனாலேயே. போ படைத்த துய்ப்பான் ஏழை. ஷெர்லாக் ஹோம்சு காவல்துறையின் ஊழியன் அல்லன். 1910-இல் செஸ்டர்ட்டன் கொணர்ந்த பிரௌன் பாதிரியார் குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாத குள்ள மனிதர். பாவமன்னிப்புக் கேட்டுக் கேட்டே மனித மனத்தின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர். அகதா கிறிஸ்தி 1927-இல் ஒரு சிறுகதையில் அறிமுகம் செய்த மிஸ் மார்ப்பிள் கம்பளிநூல் பின்னிக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் கிழவி. தம் சிற்றூரில் கண்ட அற்ப நிகழ்ச்சிகளை ஒப்பிட்டே கொலைகாரனை அடையாளம் காண்பார். நம் வீட்டு அத்தைப்பாட்டியும் அப்படித்தானே? பால்காரன் ஒருநாள் தாமதமாக வந்தால் எதிர்வீட்டில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுவார். அந்த அறிவுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை. கதை தருகிறது.

அளவும் முக்கியமானது. ஹோம்சு முதலில் தோன்றியது 1887-இல், ஒரு நாவலில். 1890-இல் இரண்டாம் நாவல் வந்தது. உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. 1891-இல் ஸ்ட்ராண்டு இதழில் சிறுகதைகளாக வரத் தொடங்கிய பின்னரே இலண்டன் மாநகரம் இதழுக்காகக் காத்து நின்றது. மொத்தம் 56 சிறுகதைகள், நான்கே நாவல்கள். புகழ் எதனால் வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஒரு தடயம், ஓர் ஐயம், ஒரு விடை. கன்டோன்மென்ட் நிலையத்தில் பிருந்தாவன் எக்ஸ்பிரசில் ஏறி அமர்ந்து, பங்காருப்பேட்டைக்குள் ஒரு கொலையும் காட்பாடிக்குள் மற்றொன்றும் தீர்ந்துவிட வேண்டும். நானூறு பக்கத்தில் அதையே நீட்டினால் இடையில் காதலும் கார்த் துரத்தலும் நிரப்பித்தான் ஆகவேண்டும்.

நம் தமிழ் எழுத்தாளர்கள்மீது நமக்குள்ள வருத்தமும் இதுதான். எதிர்ப்பக்கத்தாரை மட்டும் குறைகூறிவிட்டு நம் பக்கத்தைக் காப்பது நேர்மையாகாது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ரெயினால்ட்ஸ் முதலியோரைத் தழுவிப் பெருநாவல்கள் படைத்தனர். ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனை அறியாத வீடில்லை என்னும் காலமொன்று இருந்தது. எண்ணற்றோர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்ததே இந்நூல்களுக்காகத்தான். அந்த நன்றி நமக்கு உண்டு. எனினும் அவை நீண்டவை. நடையும் ஊர்திபோல் அசைந்து செல்லும். தமிழ்வாணன் தம் சங்கர்லாலுக்குத் தூய தமிழையும் ஓயாத தேநீரையும் அளித்தார். வடசொல் கலவாமல் ஒரு கொலையைக் கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது அவர் சாதனை. நம் தூய தமிழ் அன்பர்கள் இதற்காகவேனும் அவருக்கு ஓர் அலமாரித் தட்டை விட்டிருக்கலாம். பின்னர் மாத நாவல்கள் வந்தன. துப்பறிவாளர்களுக்கு அலுவலகமும் பெயர்ப்பலகையும் பெண் உதவியாளரும் அமைந்தனர். தன் வேலையைப் பார்த்துக்கொண்டே பக்கத்து வீட்டுப் புதிரையும் விடுவிக்கும் சாதாரண மனிதர் மறைந்துபோனார்.

தமிழில் அவரைச் சிறுகதையில் வாழவைத்தவர் ஒருவர் உண்டு: ஆனந்த விகடனில் பணியாற்றிய தேவன். 1940-களில் அவர் எழுதிய துப்பறியும் சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா. ஊரறிந்த அசடு. அவர் உளறுவது துப்பாகிறது. இடறி விழுந்த இடத்தில் திருடன் இருக்கிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்கிறார். மனைவி வேம்புவுக்குப் பெருமை தாங்கவில்லை. இதைப் பகடி என்று ஒதுக்குவாருண்டு. நாம் அப்படிக் கருதவில்லை. ஹோம்சின் கதைகளை நன்கு படித்து, அவற்றின் எலும்பும் நரம்பும் அறிந்தவர்தாம் அவற்றை இப்படித் தலைகீழாக நிறுத்த முடியும். துப்பில்லாத துப்பறிவாளரை வைத்துக்கொண்டு கதையின் முடிச்சை மட்டும் துல்லியமாக அவிழ்ப்பது எளிதன்று. தேவன் 1957-இல் நாற்பத்து நான்காம் வயதில் மறைந்தார். சாம்புவுக்கு வாரிசு இன்றுவரை வரவில்லை.

மற்றொருவர் நம்மூர்க்காரர் என்றே உரிமை கொண்டாடத்தக்கவர். ஜாலஹள்ளியிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்சில் பொறியாளராகப் பணிபுரிந்த எஸ். ரங்கராஜன், அதாவது சுஜாதா. 1968-இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் அவருடைய வழக்கறிஞர் கணேஷ் தோன்றினார். பின்னர் வசந்தும் வந்து சேர்ந்தார். இருவரும் வக்கீல்கள், துப்பறிவது அவர்களுக்குத் தொழிலன்று, தொழிலில் இடறும் கல். கட்சிக்காரர் சொல்வதையும் நம்பாமல், காவல்துறை சொல்வதையும் நம்பாமல், நடுவில் நின்று ஐயுறும் பழக்கத்தைத் தமிழ் வாசகனுக்குக் கற்பித்தவர்கள் அவர்கள். 'கொலையுதிர் காலம்' நாவலில் பேயா அறிவியலா என்று அவர்கள் இருவருமே வழக்காடிக்கொள்வது நினைவிருக்கும். சுஜாதாவைப் பற்றி இந்நகரில் பேசும்போதெல்லாம் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தைச் சொல்கிறோம், அறிவியல் கட்டுரைகளைச் சொல்கிறோம், திரைப்படங்களைச் சொல்கிறோம். கணேஷும் வசந்தும் என்று சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு செருமல். ஏன் இந்த நாணம்? குறை சொல்லவேண்டுமாயின் வேறு உண்டு: தொடர்கதையின் வாரக் கெடுவுக்காக முடிச்சின்மேல் முடிச்சிட்டு, கடைசி இயலில் அவசரமாக அவிழ்த்தவை சில. ஜாலஹள்ளியில் வாழ்ந்த அந்தப் பேனா, கணேஷைச் சிறுகதையில் இன்னும் அதிகமாக நடமாட விட்டிருக்கலாகாதா என்பதே நம் ஏக்கம்.

வங்கத்தாரைப் பாருங்கள். சரதிந்து வந்தியோபாத்தியாயர் 1932-இல் வியோம்கேசு பக்சியைப் படைத்தார். அவருக்குத் துப்பறிவாளர் என்ற பெயரே பிடிக்காது. உண்மை தேடுபவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வார். அதே சரதிந்துதான் நம் கருநாடகத்து விசயநகரத்தைக் களமாக வைத்துத் துங்கபத்திரைக் கரையைப் பற்றிய வரலாற்று நாவலும் எழுதினார். ஒரு கையால் எழுதியதற்கு மற்றொரு கை வெட்கப்படவில்லை, வாசகரும் வெட்கப்படவில்லை. சத்யஜித் ராய் 1965-இல் ஃபெலுதாவைத் தொடங்கியது சந்தேஷ் என்னும் சிறுவர் இதழில். அவ்விதழ் அவர் பாட்டனார் தொடங்கியது. உலகம் போற்றிய திரைப்பட மேதை, சிறுவர்களுக்குத் துப்பறியும் கதை எழுதுவதைத் தாழ்வென்று எண்ணவில்லை. வேற்றூரில் வளரும் வங்கப் பிள்ளையின் கையில் தாய்மொழி நூல் ஒன்று இருந்தால் அது ஃபெலுதாவாக இருப்பதை நாம் இந்நகரிலேயே கண்டிருக்கிறோம்.

அவ்வளவு தொலைவு போவானேன்? கன்னடத்தில் என். நரசிம்மய்யா இருந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். ஐந்நூறுக்கு மேற்பட்ட பத்தேதாரி காதம்பரிகள் எழுதியவர். அவருடைய பத்தேதார புருஷோத்தமனைப் படிக்கவே எழுத்துக் கற்றவர்கள் உண்டென்று கன்னட நண்பர்கள் பெருமையோடு சொல்கின்றனர். அவர்கள் தம் வாசகரை எண்ணிப் பெருமைப்படுகிறார்கள். நாம் நம் வாசகரைக் கோணியில் கட்டிவிட்டோம்.

இந்த வழக்கின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. நம் வீட்டுப் பேத்தி ஒருத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. கைப்பேசியில் உலகத்து மொழியெல்லாம். தமிழ், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரம். எழுத்துக் கூட்டுவாள்; வாக்கியத்தின் முடிவுக்கு வருமுன் தொடக்கம் மறந்துபோகும். நீதிநூல் கொடுத்தோம், தலைவர் வரலாறு கொடுத்தோம். கொடுத்த பக்கத்திலேயே அடையாளத்தாள் உறங்கிற்று. ஒருநாள் மழையில் மின்சாரம் போனபோது அவளுடைய பாட்டி சாம்பு கதையொன்றை மெழுகுவத்தி ஒளியில் படித்துக் காட்டினார். திருடன் யார் என்னும் இடத்தில் கண் வலிக்கிறது என்று மூடிவைத்துவிட்டார். இரவு பதினொன்றரை மணிக்கு அவள் அறையில் விளக்கெரிந்தது. மறுநாட் காலை அவள் நம்மிடம் கேட்டது இது: "தாத்தா, சாம்பு நெஜமாவே அசடா, இல்ல அப்படி நடிக்கிறாரா? மொதல் பக்கத்துல ஒரு வரி இருக்கே, அத வச்சுக் கேக்கறேன்."

அன்பர்களே, முதற்பக்கத்து வரியை வைத்துக் கேட்கும் வாசகியை எந்த நீதிநூல் நமக்குத் தந்தது? மறுமுறை படிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்ட பெரியவருக்கு விடை இதுவே. முடிவு தெரிந்தபின் முதற்பக்கத்திற்குத் திரும்பிச் செல்லவைக்கும் கதை இது ஒன்றுதான்.

துப்பறியும் கதையில் ஒரு விகுதியும் வீண்போகாது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்திருந்தான்' என்பதற்கும் இடையே ஒருவன் உயிர் ஊசலாடும். நம் பிள்ளைகள் இடறும் இடம் ஒன்றைச் சொல்கிறோம். 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடுவதேயில்லை. ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை. இன்றைய கன்னடத்திலும் 'நாவு' ஒன்றே. கேட்பவனையும் உள்ளடக்கியது நாம், விலக்கியது நாங்கள் என்று இலக்கண வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் மறந்துபோகும். இதையே ஒரு கதையாக்கிப் பாருங்கள். களவு நடந்த வீட்டில் இருவர் நிற்கிறார்கள். ஒருவரை ஒருவர் இதற்குமுன் கண்டதேயில்லை என்று இருவரும் சாதிக்கிறார்கள். பேச்சுவாக்கில் ஒருவன் மற்றவனைப் பார்த்து, "அன்றைக்கு நாம் மாடிப்படியில் நின்றபோது" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்கிறான். மூலையில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த அத்தைப்பாட்டி தலை நிமிர்கிறார். இந்தத் தடயத்தைக் கானன் டாயிலாலும் எழுத முடியாது, அகதா கிறிஸ்தியாலும் எழுத முடியாது. தமிழில் எழுதமுடியும். அக்கதையைப் படித்த பிள்ளை வாழ்நாளில் நாமையும் நாங்களையும் குழப்புமோ?

எழுதத்தான் ஆளில்லை. சிவாஜிநகரத்துச் சந்தும், சீராம்புரத்து வரிசை வீடுகளும், அல்சூர் ஏரிக்கரையும், தகவல் தொழில்நுட்ப வளாகத்தின் கண்ணாடிச் சுவரும் இருக்கும் ஊரில் புதிருக்கா பஞ்சம்? ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் ஒருவர், தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர், மூன்று மொழியில் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்காரர் ஒருவர் என்று நமக்குத் தெரிந்த முகங்களே போதும். சங்கங்கள் ஆண்டுதோறும் கவிதைப் போட்டி வைக்கின்றன. பரிசு பெற்ற கவிதைகளைப் பரிசு பெற்றவரின் வீட்டாரும் படிப்பதில்லை. ஓராண்டுக்கு அதை நிறுத்திவைத்து, எட்டுப் பக்கத்துக்குள் ஒரு துப்பறியும் சிறுகதை, போலீசுக்காரர் நாயகராகக் கூடாது, தடயம் கதைக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று அறிவித்துப் பார்க்கட்டும். குருதி ஒரு துளியும் வேண்டியதில்லை. ஒரு வெள்ளித் தம்ளர் காணாமற்போனாலே போதும்.

கழித்த நூல்களைத் திரும்பப் பெற வழியில்லை. புதிய அலமாரி ஒன்றைச் சிறுவரின் கைக்கு எட்டும் உயரத்தில் அமைத்தால், துப்பறியும் சாம்புவின் இரண்டு தொகுதிகளை நாம் தருகிறோம். பழைய வாடகை நூலகப் பிரதிகள்தாம், அட்டை போய்விட்டது, முதல் தொகுதியில் யாரோ ஒரு வாசகர் ஒவ்வொரு கதையின் தொடக்கத்திலும் குற்றவாளியின் பெயரைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். அதைப் பேத்தி ரப்பரால் அழித்துவிட்டாள். கடைசிப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன.